கிராவல் குழியை மூடணும், கீழ்க்காட்டுக்காரர் விடமாட்டேங்கிறார். தண்ணிக்கு என்ன வழி?

12 ஜூலை 2024, இரவு 9.10 (கேள்வி)

காங்கயம் பக்கம் நாலு ஏக்கர் வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்றரை ஏக்கர் பழைய கிராவல் குழி. 16 அடி ஆழம், நாலு பக்கமும் செங்குத்தாக நிற்கிறது. மண் கொட்டி மூடிவிட்டுத் தென்னை வைக்கலாம் என்று எண்ணம். கீழ்க்காட்டுக்காரர் வந்து, "குழிய மூடுனீங்கன்னா மேக்கால இருந்து வர்ற தண்ணி பூராவும் என்ர காட்டுக்குள்ள எறங்கிருமுங்" என்று நிற்கிறார். என் நிலத்தில் நான் மண் கொட்ட அவரை எதற்குக் கேட்க வேண்டும்?

12 ஜூலை, இரவு 11.35

அவர் சொல்வது சரி. முதலில் அதை ஒத்துக்கொள்ளுங்கள், மற்றது பிறகு.

இத்தனை வருஷமாக மேல்காட்டுத் தண்ணியை உங்கள் குழிதான் குடித்துக்கொண்டு இருந்தது. குழியை மூடினால் அந்தத் தண்ணி இல்லாமல் போய்விடாது. உங்கள் புது மண்ணையும் வாரிக்கொண்டு அவர் வேலிக்குப் போகும்.

இன்னொன்று, லோடு பேசி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றரை ஏக்கர் என்றால் 65,340 சதுர அடி. 16 அடி ஆழத்துக்குப் பத்து லட்சம் கன அடிக்கு மேல் வருகிறது, அதாவது பத்தாயிரம் யூனிட்டுக்கும் மேல். மூணு யூனிட் டிப்பரில் மூவாயிரத்து ஐந்நூறு லோடு. அவ்வளவு மண் வேண்டுமென்றால் இன்னொருத்தர் காட்டில் இதே மாதிரி ஒரு குழி விழவேண்டும்.

மேற்கே எத்தனை ஏக்கர் தண்ணி உங்கள் பக்கம் சாய்கிறது, குழி வருவதற்கு முன் அது எந்த வழியாகப் போனது, இரண்டையும் விசாரித்து எழுதுங்கள். இப்போதைக்கு ஓரமாக ஒரு அடி சிமென்ட் குழாய் பதித்து இட்டேரிப் பக்கம், அதாவது இரு பக்கமும் வேலி வைத்த பொது வண்டித்தடத்துப் பக்கம், தண்ணியைத் திருப்பலாம்.

14 ஜூலை

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் சொல்லும் மற்றது எதுவும் விளங்காது.

வெள்ளகோவிலுக்கு மேற்கே எங்கள் காடு. 2011ல் அப்பா கிராவல் எடுக்கக் குத்தகைக்கு விட்டார். பேசிய ஆழம் எட்டு அடி, போனது பதினைந்து. எடுத்தவர் மேல்மண்ணையும் விட்டுவைக்கவில்லை. கடைசி டிப்பர் போனதும் கம்பிவேலிகூட இல்லாமல் குழி அப்படியே கிடந்தது. ஆடு இரண்டு விழுந்து செத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஓரத்தில் போய் எட்டிப் பார்க்கும். அதைக் கண்டால் எங்கள் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்பா தவறிய பிறகு 2019 ஆவணியில் நான் மூட ஆரம்பித்தேன். கீழ்ப்பக்க மூலையில், கிழக்கு வேலியை ஒட்டி, நூறு லோடு. டிப்பர் கொட்டியது கொட்டியபடி கிடந்தது. மிதிக்கவில்லை, தட்டவில்லை. ஐப்பசியில் ஒரே ஒரு ராத்திரி மழை. காலையில் கீழ்த்தோட்டத்து அக்கா வேலிக்கு வந்து நின்று, "தம்பி, வந்து கெணத்தப் பாருங்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

படிக்கட்டுக் கிணறு. தண்ணி செங்கல் கரைத்த மாதிரி இருந்தது. கடைசியாகத் தெரிந்த படியில் ஒரு சாண் சேறு. அக்கா குனிந்து ஒரு கை அள்ளி என் கையில் வைத்தார். விரலில் தேய்த்தால் ஒரு மணல்பொடி தட்டுப்படவில்லை, மாவு. அதைக் கையில் வைத்துக்கொண்டே தண்ணி வந்த தடத்தில் திரும்பி நடந்தேன். எங்கள் மண் கரைந்து பிளந்திருந்த வாயிலேயே கற்கள் நின்றுவிட்டன. வேலிக் கிளுவை மரத்தூரில் மணல் நின்றிருந்தது. கிணறு வரைக்கும் போனது அந்த மாவு மட்டும்தான்.

அன்றைக்குப் புரிந்தது, வேலி ஓரத்தில் வண்டல் குழி வெட்டினால் மணலைப் பிடிக்கலாம். களியைப் பிடிக்க முடியாது. நிற்காத தண்ணியில் களி படியாது. அது கிளம்பும் இடத்திலேயே கிளம்பவிடாமல் செய்யவேண்டும்.

கிரேன் வைத்துச் சேறு எடுத்துக் கொடுத்தேன், நாலு ஆள், மூன்று நாள். மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வையும் மாற்றினேன். அக்கா அப்போதும் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

15 ஜூலை

முதல் நாள் ராத்திரி ஒரு அடி குழாய் என்று எழுதினேன். தப்பு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்களுக்கு மேலே ஆறு ஏக்கர் சாய்கிறது. ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. கொட்டுகிற மழை, அதில் பத்தில் நாலு பங்கு ஓடிவருகிறது என்று வைத்தால் வினாடிக்கு 160 லிட்டர். ஒரு அடி சிமென்ட் குழாய், நூறு அடிக்கு ஒரு அடி வாட்டத்தில் முழுசாக நிரம்பி ஓடினாலும் வினாடிக்கு நூறு லிட்டரைத் தொடாது. அதுவும் குழாய் சுத்தமாக இருந்தால். முதல் மழையில் வேலிகாத்தான் முள்ளும் பிளாஸ்டிக் கவரும் வந்து வாயில் அடைத்துக்கொள்ளும்.

திறந்த வாய்க்கால்தான் சரி. அடிப்பக்கம் மூணேகால் அடி அகலம், இரு கரையும் ஒன்றுக்கு இரண்டு சாய்வு, முழுக்கப் புல். அதே வாட்டத்தில் முக்கால் அடி தண்ணி ஓடினாலே அந்த 160 லிட்டர் தாராளமாகப் போய்விடும், புல் பிய்ந்துபோகிற வேகமும் இருக்காது. கரைக்கு இன்னும் அரை அடி சேர்த்து வெட்டுங்கள். அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், மம்பட்டியால் இழுத்துவிடலாம்.

இட்டேரிக்குத் திருப்புவதும் தப்பு. இட்டேரி ஊருக்கே பொது. அதை ஓடையாக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

19 ஜூலை

"மேல்காட்டுத் தண்ணி கீழ்க்காட்டுக்கு வரத்தானே செய்யும், சட்டமே அப்படித்தானே" என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். பாதி சரி.

1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், ஈஸ்மென்ட் சட்டம் என்பார்கள். அதன் 7ஆம் பிரிவில் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. மேல் நிலத்தில் இயற்கையாக விழுந்து, தனி வாய்க்கால் எதுவும் இல்லாமல் பரந்து வரும் தண்ணியைக் கீழ் நிலத்துக்காரர் இயற்கையாக ஓடவிட வேண்டும் என்று இருப்பது உண்மை. "இயற்கையாக" என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. காடு முழுக்கப் பரந்து வந்த தண்ணியை ஒரு மூலையில் சேர்த்துக் குழாய் வைத்து அடுத்தவர் வேலியில் பீய்ச்சினால் அது இயற்கை இல்லை. கிராவல் எடுத்ததும் இயற்கை இல்லை, கொட்டி மேடாக்குவதும் இயற்கை இல்லை.

அதே பிரிவில் இன்னொரு எடுத்துக்காட்டையும் படியுங்கள். பக்கத்து நிலத்து மண் தரும் தாங்கல், நிலத்துக்காரர் ஒவ்வொருவருக்கும் உரிமை. அதாவது உங்கள் குழியின் செங்குத்துச் சுவர் சரிந்து மேல்காட்டு வேலி உள்ளே விழுந்தால் மேல்காட்டுக்காரரும் உங்களைத்தான் கேட்பார்.

ஆனால் நான் கோர்ட்டுக்காக இதை எழுதவில்லை. வேலியில் நின்று பேசும்போது நம் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

20 ஜூலை

விஏஓ அலுவலகத்தில் எஃப்எம்பி படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ பதிவேடும் (கிராம நிலக் கணக்கு) பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்று ஒரு கோடு உங்கள் நிலத்தைத் தொட்டுக்கொண்டு போகலாம். எங்களுக்குப் படத்தில் இருந்தது, காட்டில் இல்லை, குழியோடு போய்விட்டது. எண்பது வயது பெரியவர் ஒருவர் கைத்தடியால் காட்டினார்: "இதுலதான் பள்ளம் போச்சு, அந்த வெள்வேல மரத்தடியில திரும்பும்." மரம் இன்னும் இருக்கிறது.

தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் எடுத்து எடுத்து ஓடைகள் என்ன ஆயின என்று கோயமுத்தூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2021ல் அனுமதி இல்லாத செங்கல் சூளைகளை மூடினார்கள். மூடியதும் ஓடைகள் தானாகத் திரும்பிவிடவில்லை.

28 ஜூலை

சுவரைப் பற்றி. இதுதான் பெரிய வேலை.

1961ஆம் வருஷச் சுரங்க விதிகளில் இரண்டு விஷயம் இருக்கிறது. பக்கத்து நில எல்லையில் இருந்து 7.5 மீட்டர் விட்டுத்தான் தோண்ட வேண்டும். கிராவல் மாதிரி இளகிய மண்ணில் சுவர் 45 டிகிரிக்கு மேல் நிற்கக்கூடாது, அல்லது ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமில்லாத படிகளாக, உயரத்துக்குக் குறையாத அகலத்தோடு வெட்ட வேண்டும். எங்கள் பக்கத்துக் குழிகளில் இது இரண்டையும் ஒருசேரக் கண்டவர் இருந்தால் எழுதுங்கள், வந்து பார்க்கிறேன்.

அந்த ஏழரை மீட்டர் எதற்கு என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. சாய்வு போடும்போதுதான் புரிந்தது. ஐந்து மீட்டர் சுவரைப் புல் பிடிக்கிற சாய்வாக்க வேண்டும் என்றால் ஒன்றுக்கு மூன்று வேண்டும், கிடைமட்டமாகப் பதினைந்து மீட்டர். மேல் பாதியை வெட்டிக் கீழ் பாதியில் போட்டால் வெளிமண் ஒரு லோடும் வேண்டாம். வெட்டு உள்ளே போகிற தூரம் சரியாக ஏழரை மீட்டர். விட்டிருந்தால் குழி தன் மண்ணாலேயே சரியாகியிருக்கும்.

எங்களுக்கு மேற்கிலும் வடக்கிலும் அந்த இடம் இருந்தது. பொக்லைன் ஒன்பது நாள் ஓடியது. சாய்வை ஒரே வீச்சாக விடாமல் நடுவில் ஒரு படி விட்டோம். படியின் மேல் சாய்வு வெளியே பார்க்கக்கூடாது, சுவர்ப்பக்கமாக உள்ளே சாயவேண்டும். அப்போதுதான் மேலிருந்து வரும் தண்ணி படியில் நின்று, படியோடு மெதுவாக நடந்து, ஓரத்துக் கல் வாய்க்காலில் இறங்கும். ஆபரேட்டர் தம்பிக்கு இது முதலில் பிடிபடவில்லை. "தண்ணி உள்ள நின்னா செவுரு ஊறிருமுங்களேண்ணா" என்றார். நிற்காது, நூற்றுக்கு ஒன்று வாட்டம் இருக்கிறது என்று கொத்துக்காரரின் டியூப் மட்டத்தை வைத்துக் காட்டினேன். கண்ணாடிக் குழாயில் இரு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில் நிற்பதைப் பார்த்தபிறகு அவரே முளை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

கொட்டுகிற மண்ணை ஒரு அடிக்கு மேல் ஒரே தடவையில் போடாதீர்கள். லேசாக நனைத்து, உருட்டி, அடுத்த அடி. 2019ல் நான் செய்யாதது இதுதான்.

கல் வாய்க்காலில் சைஸ் கல் அடுக்குவதற்கு முன் அடியில் அரை அடி சல்லி பரப்புங்கள். சல்லி இல்லாமல் அடுக்கினால் மேலே கல் அப்படியே இருக்கும், அடியில் மண் உருவிப் போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் மொத்தமாக உட்காரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சுவர் மேல் விளிம்புக்குப் பின்னால் ஒரு தடுப்பு வாய்க்கால். மேல்காட்டுத் தண்ணி ஒரு சொட்டுகூடப் புது மண் மேல் ஏறக்கூடாது. பொக்லைன் வந்த முதல் நாள் வேலை அதுவாக இருக்கட்டும்.

3 ஆகஸ்ட், ஆடி 18

நோம்பி நாள், வீட்டில் ஆட்கள். இருந்தாலும் புல்லைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்லவேண்டும்.

வெளியில் எங்கும் தேட வேண்டாம். கொரங்காட்டில், அதாவது நம் மேய்ச்சல் காட்டில், இருப்பதுதான், கொழுக்கட்டைப் புல். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்து நீலக்கொழுக்கட்டையும் நன்றாக வருகிறது. இந்த மழைக்கும் இந்த மண்ணுக்கும் பழகிய புல், வேர் சரளையைப் பின்னிக்கொள்ளும். சாய்வுக்குக் குறுக்கே சமமட்டத்தில் வெட்டிவேர் வரிசை, தூருக்குத் தூர் அரை அடிக்குள். இடைவெளி விட்டு நட்டால் தண்ணி அந்தச் சந்தில் சேர்ந்து அங்கேயே அறுக்கும்.

புல் பிடிக்கும்வரை மண்ணைப் பொத்தி வைக்கப் பொள்ளாச்சியில் தென்னைநார் வலை கிடைக்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் மக்கிவிடும், அதற்குள் வேர் இறங்கிவிடும். வலை மண்ணோடு ஒட்டி இருக்கவேண்டும். கூடாரம் மாதிரி தூக்கி நின்றால் அடியில் தண்ணி ஓடும். மூங்கில் முளையை நெருக்கமாக அடியுங்கள்.

சீமைக்கருவேலம் தானாகவே வரும், வளர விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் அடியில் புல் வராது, மண் வெறுமையாகக் கிடக்கும். வெள்வேல் வையுங்கள். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, கொரங்காட்டில் வெள்வேல நிழலில்தான் செம்மறியைக் கிடை போடுவார். நெற்றைத் தின்றுவிட்டு ஆடு போட்ட புழுக்கையில் மறு வருஷம் கன்று முளைத்திருக்கும். அவர் இருந்திருந்தால் குத்தகைக்கே விட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் அப்பா மேலும் எனக்குக் கோபம் இல்லை. என் கூடப்பிறந்த அக்கா கல்யாணத்துக்குத்தான் விட்டார்.

புல் பிடிக்கும் முதல் வருஷம் ஆட்டை உள்ளே விடாதீர்கள்.

11 ஆகஸ்ட்

நீங்கள் அனுப்பிய குழிப் படத்தைப் பார்த்தேன். கீழ்ப்பக்கச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் எட்டு அடிதான் இருக்கிறது. அப்படியென்றால் 28ஆம் தேதி நான் எழுதிய வெட்டிப்போடும் கணக்கு அந்தப் பக்கத்துக்கு ஆகாது. அங்கே மேலே ஒரு கூடை மண்ணும் வெட்டாதீர்கள். மற்ற மூன்று பக்கத்துச் சாய்வில் மிஞ்சும் மண்ணைக் கொண்டுவந்து அந்தச் சுவரின் அடியில் இருந்து முட்டுக் கொடுத்து ஏற்றவேண்டும், அடி அடியாக உருட்டி. விளிம்புக்கு இணையாக மயிர்க்கோடு மாதிரி விரிசல் தெரிகிறதா என்று நாளைக்கே பாருங்கள். தெரிந்தால் அந்த எட்டு அடியில் பொக்லைனை ஏற்றவே கூடாது.

இலவசமாக மண் தருகிறேன் என்று யாரோ வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சாயக் கழிவுச் சேறு கலந்திருக்காது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரா என்று கேளுங்கள். 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கிச் சுற்றிலும் கிணறுகள் கெட்டதைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். குழி என்பது நிலத்தடித் தண்ணிக்கு வாய். கட்டட இடிபாடும் வேண்டாம். சந்து சந்தாக நின்று உள்ளே மண் இழுத்துக்கொள்ளும்.

தென்னை ஆசையை விடுங்கள். குழியின் நடு அரை ஏக்கரைக் குட்டையாகவே விடுங்கள். எங்கள் குட்டை அப்படித்தான். சாய்வு போக முப்பது லட்சம் லிட்டராவது நிற்கும், ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. பெய்கிற அந்த மழை ஐந்து வந்தாலும் தாங்கும். ஒன்று மட்டும், கரை கட்டி உயர்த்தித் தேக்காதீர்கள். தண்ணி மட்டம் கீழ்க்காட்டு மண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் உடைவதற்குக் கரையே இல்லை. குட்டையைக் கீழ்ப்பக்கச் சுவரில் இருந்து தள்ளி மேற்கே வையுங்கள், சுவரடி ஊறக்கூடாது.

சுரங்கத் திட்டமும் சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனையும் இருந்தால் நகல் வாங்குங்கள். 2012ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குழிக்கும் அனுமதி வேண்டும். மூடும்போது என்ன செய்யவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கீழ்க்காட்டுக்காரருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

20 அக்டோபர்

நேற்று ராத்திரி ஒன்றே கால் மணி நேரம் நல்ல மழை. மழைமானியில் 48 மி.மீ. டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். தடுப்பு வாய்க்கால் முக்கால்வாசி ஓடியது. கல் வாய்க்கால் சத்தம் வீட்டுக்கே கேட்டது. விடிந்ததும் ஒரு கண்ணாடி டம்ளரில் வேலிப் பக்கத் தண்ணியையும் குட்டைத் தண்ணியையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். குட்டைத் தண்ணி இன்னும் கலங்கல்தான். வேலிப் பக்கத்தில் டம்ளரின் அந்தப் பக்கம் வைத்த விரல்ரேகை தெரிந்தது.

உங்கள் ஊரில் எவ்வளவு பெய்தது?

3 டிசம்பர்

ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. படித்ததில் இருந்து தூக்கமில்லை. ஐந்து மழை தாங்கும் என்று ஆகஸ்டில் தைரியமாக எழுதினேனே, அதைத் திருத்தவேண்டும். அந்த மழை எங்கள் ஆறு ஏக்கரில் விழுந்து முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஓடிவந்தாலும் 85 லட்சம் லிட்டர். குட்டை நிரம்பி, அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளியே போகும். வழிவாரி, அதாவது நிரம்பிய தண்ணி வெளியேறும் வழி, இல்லாமல் குட்டை வைக்கவே கூடாது. நிரம்பியது பழைய பள்ளத் தடத்துக்குத்தான் போகவேண்டும், வேறெங்கும் இல்லை. வழிவாரி உதட்டைக் குட்டையைச் சுற்றியுள்ள மண்மட்டத்தில் இருந்து ஒன்றரை அடியாவது கீழே வையுங்கள். பத்து அடி அகலம் போதாது, இருபது வையுங்கள். அகலமாக இருந்தால் தண்ணி மெல்லிசாக ஓடும்.

எங்களுடையது பன்னிரண்டு அடிதான். இன்று காலை கீழ்த்தோட்டத்து அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் பக்கத்துத் தடத்தில் எட்டு அடி தள்ளி முளை அடித்துக்கொள்ளச் சொன்னார். "எச்சா வந்தா இப்பிடிக்கா போகட்டுமுங், சோளந்தானே" என்றார். வியாழக்கிழமை பொக்லைன் வருகிறது. இரண்டு லோடு சைஸ் கல்லும், ஒரு லோடு சல்லியும் சொல்லியிருக்கிறேன்.